பென் டிரைவ் எங்கே போச்சு?

லேப்ல சிபியூ இருக்க வேண்டிய இடத்துல டிபன் பாக்ஸ் சைஸுக்கு ஒரு பெட்டி இருக்கா? அதுதான் 'தின் கிளையன்ட்'. பிராஜெக்ட் ரிவ்யூவுக்கு அரை மணி நேரம்தான் பாக்கி. பென் டிரைவைச் செருகி 'திஸ் பிசி'யைத் திறந்தா, டிரைவைக் காணோம்!

பதறாதீங்க. நீங்க பார்க்கிற டெஸ்க்டாப் அந்தப் பெட்டியோடது இல்லை, சர்வரோடது. அங்கே தெரியுற 'சி' டிரைவும் சர்வரோடதுதான். நீங்க செருகின டிரைவைப் பத்தி அதுக்குச் சொன்னாத்தானே தெரியும்?

விண்டோஸ் பெட்டின்னா, கனெக்ட் பண்றதுக்கு முன்னாடியே 'ரிமோட் டெஸ்க்டாப் கனெக்‌ஷன்'ல 'ஷோ ஆப்ஷன்ஸ்', 'லோக்கல் ரிசோர்சஸ்', 'மோர்'னு வரிசையாப் போங்க. 'டிரைவ்ஸ்'ல பென் டிரைவை மட்டும் டிக் அடிங்க. பிறகுதான் செருகப் போறீங்கன்னா, அதுக்கும் கீழே தனியா ஒரு டிக் இருக்கு. லினக்ஸ் பெட்டியில 'ஃப்ரீஆர்டிபி' இருந்தா, அதுக்கு 'டிரைவ்' ஆப்ஷன் கொடுக்கணும். அப்படியும் தெரியலையா? அட்மின் பாலிசியில பூட்டியிருக்கலாம். லேப் சாரைக் கேளுங்க.

மூணு விஷயம் மறக்காதீங்க. எல்லா டிரைவையும் டிக் அடிச்சா, சர்வர்ல இருக்கிற வைரஸுக்கும் கதவைத் திறந்து விட்ட மாதிரி. ஃபைலை பென் டிரைவ்லயே வச்சு எடிட் பண்ணாதீங்க. நடுவுல நெட்வொர்க் கட்டானா ஃபைல் கெட்டுப்போகலாம். சர்வருக்கு காப்பி பண்ணி வேலையை முடிச்சு, திரும்ப பென் டிரைவுக்கு மாத்துங்க. தின் கிளையன்ட்டோட சொந்த டிஸ்க்ல மட்டும் சேவ் பண்ணவே வேண்டாம். பல பெட்டிகள்ல 'ரைட் ஃபில்டர்' இருக்கும். ரீஸ்டார்ட் ஆனா, ராத்திரி முழுக்க முழிச்சு செஞ்சதும் சுத்தமாப் போயிடும்!