புழு எந்த வழியாக உள்ளே போனது?

1890களின் இறுதியில் கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி, கொக்கிப்புழுவின் இளம்புழுக்களைக் கினிப் பன்றிகளுக்கு வாய்வழியே புகட்டிக்கொண்டிருந்தார். புழு கலந்த நீர் சில துளிகள் அவர் கையில் சிந்தின. தோல் சிவந்து எரிந்தது. சில வாரங்கள் கழித்து அவருடைய மலத்திலேயே புழு முட்டைகள் தென்பட்டன. இந்தப் புழு தோலைத் துளைத்து உடலுக்குள் நுழையும் என்பது அப்படித்தான் தெரியவந்தது.

இன்றைய ஆய்வகங்களில் கொக்கிப்புழுவுக்கு மாற்றாக, எலிகளில் வாழும் நிப்போஸ்ட்ராங்கைலஸ் என்ற புழுவைப் பயன்படுத்துகிறார்கள். நூற்றுக்கணக்கான இளம்புழுக்களை ஒரே ஊசியில் சுண்டெலியின் தோலுக்கு அடியில் செலுத்திவிடுவார்கள். அவை நுரையீரலுக்குப் போய், இருமலோடு தொண்டைக்கு வந்து, விழுங்கப்பட்டுக் குடலை அடையும். எண்ணிக்கை துல்லியமாக இருக்கும், வேலையும் எளிது. ஆனால் மேல்தோலைப் புழு துளைக்கும்போது உடல் என்ன செய்கிறது என்பது இந்தச் சோதனையில் விடுபட்டுப்போகிறது.

சாட்டைப்புழு என்ற இன்னொரு குடற்புழுவின் கதை இன்னும் ஆழமானது. அதன் முட்டைகள் பெருங்குடல் பகுதியில் உள்ள பாக்டீரியாக்களைத் தொட்டால்தான் பொரியும். 2010இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தார் இதைக் காட்டினார்கள். ஆகவே வாய்வழியைத் தவிர வேறு வழியில்லை. மெல்லிய குழாயை உணவுக்குழல் வழியே விட்டு, முட்டைகளை நேராக இரைப்பையில் சேர்ப்பார்கள். இங்கே எல்லாம் அளவில்தான் இருக்கிறது. ஒரே தடவையில் இருநூறு முட்டைகள் கொடுத்தால் பல சுண்டெலி இனங்கள் மூன்று வாரங்களுக்குள் புழுக்களை வெளியேற்றிவிடும். இருபது முட்டைகள் மட்டும் கொடுத்தால் அதே இனங்களில் சிலவற்றில் புழுக்கள் நிலைத்துத் தங்கிவிடும். கூட்டமாக வந்தால் விரட்டும் உடல், சிலதாக வந்தால் இடம்கொடுக்கிறது!

இப்படி ஒரே தடவையில் கொடுப்பது இயற்கையில் நடப்பதல்ல. மண்ணில் விளையாடும் குழந்தை கொஞ்சம் கொஞ்சமாக, திரும்பத் திரும்ப முட்டைகளை விழுங்குகிறது. 2019இல் மான்செஸ்டர் குழுவினர் வாரந்தோறும் சுமார் இருபது முட்டைகளாகச் சுண்டெலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். முதலில் புழுக்கள் சேர்ந்துகொண்டே போயின. பிறகு மெல்ல மெல்ல எதிர்ப்புச் சக்தி உருவாகி, புழுக்கள் குறைந்தன.

ஆய்வுக்கட்டுரைகளில் இவையெல்லாம் செய்முறைப் பகுதியில் ஒரே வரியாக முடிந்துபோகும். ஒரு தடுப்பூசியோ மருந்தோ எலியில் வேலை செய்ததாகச் செய்தி வரும்போது, நான் முதலில் தேடுவது அந்த ஒரு வரியைத்தான். புழு எப்படி உள்ளே போனது, எத்தனை போனது, எத்தனை முறை போனது என்று தெரியாமல் அந்த வெற்றியை எடைபோட முடியாது.

எலி வாழும் இடமும் இந்தக் கணக்கில் சேரும். அமெரிக்காவில் பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் ஆய்வகச் சுண்டெலிகளைத் திறந்தவெளி அடைப்புகளில் வாழவிட்டுச் சாட்டைப்புழு முட்டைகளைப் புகட்டினார்கள். 2018இல் வெளியான முடிவின்படி, கூண்டுக்குள்ளேயே இருந்தவற்றைவிட அந்தச் சுண்டெலிகளில்தான் புழுக்கள் அதிகம்.