கண்ணுக்குத் தெரியாத மாற்றம், கைமாறும் தேய்மானம்

புதுதில்லி: பெங்களூரை அடுத்த அத்திபெலே எல்லையைக் கடந்ததும், 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஒசூர் வழியாகக் கிருஷ்ணகிரியை நோக்கி இறங்குகிறது. நகர நெரிசலில் ஊர்ந்து வந்த கார்கள் இங்குதான் வேகமெடுக்கின்றன. அந்த வேகமும் போதாது என்போர் நாடுவது "ரீமேப்". என்ஜினை இயக்கும் கணினியின் மென்பொருளைத் திருத்தி, டர்போவின் காற்றழுத்தத்தையும் டீசல் அளவையும் கூட்டுவதே இது. ஸ்பானர் தேவையில்லை, மடிக்கணினி போதும்.

கூடுதல் சக்தி எங்கிருந்து வருகிறது? தரம் குறைந்த எரிபொருள், கோடை வெப்பம், உரிய காலத்தில் ஆயில் மாற்றாத அலட்சியம் ஆகிய அனைத்தையும் கருதியே தயாரிப்பாளர் என்ஜினின் திறனில் ஒரு பகுதியைக் கையிருப்பாக விட்டுவைக்கிறார். ரீமேப் செலவழிப்பது அந்தக் கையிருப்பைத்தான். கிளட்ச் விரைவில் தேய்கிறது. வெளியேறும் புகையின் வெப்பம் உயர்ந்து டர்போவையும் பிஸ்டன்களையும் வாட்டுகிறது.

ஓர் உதாரணம். ஃபியட் வடிவமைத்து, தில்லிக்கு அருகே மானேசரில் தயாரான 1,248 சி.சி. டீசல் என்ஜின், மாருதி ஸ்விஃப்டில் சுமார் 75 குதிரைத்திறனும் எர்டிகாவில் 90-ம் அளித்தது. இந்த 15-ஐக் கூட்ட மென்பொருளை மட்டும் மாற்றினால் போதும் என்று நிறுவனம் கருதவில்லை, டர்போவையே மாற்றியது. மென்பொருளோடு நிறுத்திக்கொள்பவர் எதை இழக்கிறார் என்பதற்கு இதுவே விடை.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் வகுத்த அடிப்படை அம்சங்களை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்றது. ஆனால், சோதனையில் சிக்குவது அகன்ற டயரும் அலறும் சைலன்சரும்தான். மென்பொருள் எவர் கண்ணிலும் படுவதில்லை. புகைச் சான்று மையங்களில் டீசல் கார்களுக்கு அளவிடப்படுவதும் புகையின் அடர்த்தி மட்டுமே. நைட்ரஜன் ஆக்ஸைடு அல்ல.

விற்பதற்கு முன் பழைய மென்பொருளை மீண்டும் ஏற்றிவிட்டால் தடயம் மறைகிறது, தேய்மானம் மறைவதில்லை. சில ஆண்டுகள் வேகத்தை அனுபவித்தவர் ஒருவர். அதற்கான விலையைக் கொடுப்பவர், சேமிப்பைத் திரட்டிப் பழைய கார் வாங்கும் வேறொருவர்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. இன்றைய கார்களின் பரிசோதனை இணைப்பு வழியாக மென்பொருளின் அடையாள எண்ணைப் படித்துவிடலாம். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாகாணம் 2021 ஜூலை முதல் புகைப் பரிசோதனையிலேயே இதைச் சரிபார்க்கிறது. அங்கீகாரமற்ற மென்பொருள் இருந்தால் சான்று கிடையாது. இங்கும் ஆண்டுதோறும் நடைபெறும் புகைப் பரிசோதனையில் இதைச் சேர்ப்பது குறித்து மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஆலோசிக்க வேண்டும். தண்டனையைக் கூட்டிய நாடாளுமன்றம், குற்றத்தைக் கண்டறியும் கருவியையும் கேட்டுப் பெறுவதே முறை.