ஒப்பந்தப்புள்ளி எழுதுமுன்

கடல் கடந்து வந்த தமிழ் மக்கள் அந்தமான் தீவுகளில் கடை வைத்தும், கல் சுமந்தும், கொத்து வேலையும் தச்சு வேலையும் புரிந்தும் தம் வாழ்வை நிலைநிறுத்திக்கொண்டனர். அக்குடும்பங்களின் பிள்ளைகள் இன்று அரசாங்க வேலைகளை ஒப்பந்தமாக எடுத்து நடத்த முன்வருகின்றனர். இது மகிழ்தற்குரிய செய்தியே. பெருந்தொழிற்சாலைகள் அருகிய இத்தீவுகளில் வேலை கொடுப்பதிலும் பொருள் வாங்குவதிலும் அரசாங்கமே முதலிடம் வகிக்கின்றது. அந்தமான் பொதுப்பணித் துறை, நகராட்சி மன்றம், ஜில்லா பரிஷத், கிராம பஞ்சாயத்துக்கள் எனப் பல வாயில்கள் திறந்துள்ளன.

ஆயினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. ஒப்பந்தப்புள்ளி ஒரு குடும்பத்தை உயர்த்தவும் வல்லது. வீட்டுப் பெண்களின் நகைகளை அடகுக் கடைக்கு அனுப்பவும் வல்லது. இவ்விரண்டிற்கும் இடையே நிற்பது கணக்கு ஒன்றே.

முறை யாது?

தமிழ்நாட்டில் ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மையை வலியுறுத்தும் தனிச் சட்டம் 1998-ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. அங்கே பழகிய உறவினர் கூறும் முறை இங்கே அப்படியே பொருந்தாது. அந்தமான் நிக்கோபார் ஒன்றியப் பிரதேசமாதலின், மத்திய அரசாங்கத்தின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளே நிருவாகத் துறைகளின் கொள்முதலுக்கு அடிப்படையாகும்.

பொருள்களையும் பொதுவான சேவைகளையும் துறைகள் பெரும்பாலும் 2016-இல் தொடங்கப்பெற்ற 'ஜெம்' என்னும் அரசு மின்சந்தையில் வாங்குகின்றன. கட்டட வேலை, சாலை வேலை முதலியன நிருவாகத்தின் மின்கொள்முதல் தளத்தில் அறிவிக்கப்பெறும். அதில் கலந்துகொள்ள மூன்றாம் வகுப்பு மின்னணுக் கையொப்பம் வேண்டும். வருமான வரி எண், ஜி.எஸ்.டி. பதிவு, வங்கிச் சான்று, முன்னர் முடித்த வேலைகளின் சான்று ஆகியவற்றை முன்னதாகவே திரட்டி வைத்தல் நலம். கடைசி நாள் மாலையில் கணினி முன் அமர்பவர், மழையில் இணையம் அறுந்தால் யாரை நொந்துகொள்வது?

பெரிய வேலைகளுக்கு இரண்டு உறைகள் உண்டு. முதலுறை தகுதியைக் காட்டுவது. இரண்டாவது விலையைக் காட்டுவது. முதலுறையில் ஒரு சான்று குறைந்தாலும் இரண்டாவது திறக்கப்படாமலே போகலாம். ஆகவே அறிவிப்பை ஒரு முறைக்கு இரு முறை படியுங்கள். இடையில் வெளியாகும் திருத்த அறிவிப்புக்களையும் விடாது பாருங்கள்.

சலுகையும் அதன் எல்லையும்

பொருள் வாங்கும்பொழுது முன்வைப்புத் தொகையாக மதிப்பீட்டில் நூற்றுக்கு 2 முதல் 5 வரை கேட்பது விதி. வேலை கிட்டாதவர்க்கு அது திரும்பக் கிடைக்கும். புள்ளி கொடுத்தபின் இடையில் விலகுவோர் அதனை இழப்பர்.

'உத்யம்' பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களுக்கு இத்தொகையிலிருந்து விலக்கு உண்டு. மத்திய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் ஆண்டுக் கொள்முதலில் நூற்றுக்கு 25 பங்கை அத்தகையோரிடம் வாங்கவேண்டும் என்பது 2012-ஆம் ஆண்டு ஆணையும் அதன் பின்வந்த திருத்தமும் வகுத்த நெறி. அதனுள் 3 பங்கு பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு உரியது. ஆனால் இச்சலுகை தாமே பொருள் செய்வோர்க்கும் சேவை அளிப்போர்க்கும் உரியதேயன்றி, வாங்கி விற்கும் வணிகருக்கு உரியதன்று. கட்டட ஒப்பந்தங்களுக்கும் பொருந்தாது. இதனை அறியாமல் முன்வைப்புத் தொகை கட்டாது விட்டுப் புள்ளி தள்ளுபடியானவர் பலர்.

தீவுக் கணக்கு வேறு

சென்னையிலிருந்து போர்ட் பிளேர் (2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது) ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். சிமெண்டும் இரும்பும் கப்பலேறி வரவேண்டும். கடற்கரை மணல் எடுப்பதை 2002-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்ற ஆணை கட்டுப்படுத்தியபின் மணலும் எளிதிற் கிடைக்கும் பொருளன்று. வடக்கே திக்லிபூருக்குச் சாலைவழி செல்லும் லாரி, ஜாரவா காப்புப் பகுதியைக் குறித்த நேரங்களில் தொடர்வண்டி வரிசையாகவே கடக்க இயலும். கார் நிக்கோபார் போன்ற பழங்குடிப் பகுதிகளில் வேலை எடுத்தால், 1956-ஆம் ஆண்டுப் பழங்குடியினர் பாதுகாப்பு விதிப்படி ஒவ்வோர் ஆளுக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும். மே மாதம் தொடங்கி டிசம்பர் வரை மழை விட்டு விட்டுப் பெய்யும்.

இவற்றை விலையில் ஏற்றுவது எவ்வாறு? ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். ஒரு பள்ளிச் சுற்றுச்சுவருக்கு மதிப்பீடு, வரி நீங்கலாக, 10,00,000 ரூபாய் என்க. பொருள்கள் 5,20,000, கப்பற் கூலி, ஏற்றி இறக்கல், லாரி வாடகை 90,000, ஆட்கூலி 2,10,000, மழையில் வீணாகும் நாள்கள், கொட்டகை, தண்ணீர் 40,000, கடன் பெற்ற முதலுக்கு வட்டி 30,000. ஆக 8,90,000. போட்டியில் வெல்லும் ஆவலில் மதிப்பீட்டுக்கு நூற்றுக்கு 20 குறைத்து 8,00,000 என்று எழுதியவர், வேலையைப் பெற்ற அன்றே 90,000 ரூபாயை இழந்தவராவர். அடுத்தவர் எழுதும் தொகையை ஊகித்து எழுதுவது சூதாட்டம்; நம் செலவை அறிந்து எழுதுவதே தொழில்.

வேலை கிடைத்த பின்

செய்த வேலை யாவும் அளவுப் புத்தகத்தில் ஏறவேண்டும். மண்ணுக்குள் மறையும் அடித்தளத்தை மூடுமுன் பொறியாளரைக் கொண்டு அளந்து குறிக்கச் செய்யுங்கள். கூடுதல் வேலையை வாய்மொழியாகச் சொன்னால், எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். பட்டித் தொகையில் வருமான வரியும், ஒப்பந்தம் 2,50,000 ரூபாய்க்கு மேற்பட்டால் ஜி.எஸ்.டி. கணக்கில் நூற்றுக்கு 2-உம் பிடிக்கப்படும். இவை பின்னர்க் கணக்கில் வரவாகுமாயினும், கைப்பணம் அதுவரை குறையும்.

பதிவுபெற்ற சிறு நிறுவனம் வழங்கிய பொருளுக்கோ சேவைக்கோ 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்றும், தவறினால் வங்கி விகிதத்தின் மும்மடங்கு கூட்டு வட்டி சேரும் என்றும் 2006-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகின்றது. முடக்கப்பட்ட கோப்பின் நிலையை 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கேட்டால் 30 நாளில் விடை பெறலாம்.

இரு குழிகள்

ஒருவருக்கொருவர் பேசிவைத்துக்கொண்டு "இம்முறை உனக்கு, அடுத்த முறை எனக்கு" என்று புள்ளி எழுதுவது நட்பு போலத் தோன்றும். 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டப்படி அது குற்றம். கையூட்டும் அத்தகையதே. 2018-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின் வாங்குபவரேயன்றிக் கொடுப்பவரும் தண்டனைக்கு உரியவர். வற்புறுத்தலால் கொடுக்க நேர்ந்தவர் 7 நாளுக்குள் காவல் துறையிலோ விசாரணை அமைப்பிலோ அறிவித்தால் மட்டுமே காப்பு உண்டு.

சங்கங்கள் செய்யத்தக்கது

நம்மவரிற் பலர் கைத்திறனில் வல்லவர், காகிதத்தில் தயங்குபவர். ஆங்கிலத்திலும் இந்தியிலும் வரும் அறிவிப்பைப் படித்து விளக்க ஓர் இளைஞர் கிடைத்தால் தேர்ந்த கொத்தனார் பிறருக்குத் துணை ஒப்பந்தக்காரராகவே காலங்கழிக்க வேண்டியதில்லை. மாதம் ஒரு மாலை, சங்கக் கூடத்தில் கணினியும் கணக்கறிந்த அன்பர் ஒருவரும் இருந்தால் போதும். திருவிழாவிற்கு நாம் காட்டும் ஊக்கத்திற் சிறிது இதற்கும் காட்டுவோம்.

முதல் ஒப்பந்தம் சிறியதாக இருக்கட்டும். கையிருப்பு தாங்கும் அளவினதாக இருக்கட்டும். வீட்டில் உள்ளோர் அறியாமல் நகையை வைத்துத் தொடங்காதிருக்கட்டும். குறித்த நாளில் நேராக எழுப்பப்பெற்ற ஒரு சிறு சுவர், அடுத்த ஒப்பந்தப்புள்ளிக்கு வேண்டிய முதற் சான்றாகும்.