தீவுச் சிறுவரும் தில்லிச் சிறுவரும்

வில்லியம் கோல்டிங் 1954-இல் வெளியிட்ட 'லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்' என்னும் ஆங்கில நாவலில், விமானம் வீழ்ந்து தனித் தீவில் சிக்கிய சிறுவர்கள், சங்கை ஏந்தியவனே பேசலாம் என முறை வகுக்கின்றனர். அச்சம் பெருகவே முறை குலைகிறது, கொலையும் நிகழ்கிறது. காவலற்ற பிள்ளைகள் காட்டுமிராண்டிகளாவதுதான் இயற்கை நியதியோ?

தலைநகராம் தில்லியில் வேறொரு சான்று உண்டு. தெருவில் உழைத்து வாழும் சிறுவர்க்கென, 'பட்டர்ஃபிளைஸ்' என்னும் தொண்டு நிறுவனத்தின் துணையோடு, 2001-இல் ஒரு சேமிப்பு வங்கி தோன்றியது. சிறுவர்கள் தம்முள் ஒருவரை மேலாளராகத் தேர்ந்தனர், கணக்கும் எழுதினர். பாடுபட்டு ஈட்டிய காசைத் தோழன் கையில் ஒப்படைக்க எத்துணை நம்பிக்கை வேண்டும்!

தீவில் சங்கின் ஆணைக்குத் துணைநிற்கப் பெரியோர் எவருமிலர். தில்லியில் சிலர் இருந்தனர். நாகரிகம் பழகப் பழக வளர்வது. பிள்ளைகளிடம் பொறுப்பை ஒப்படைத்து, அருகே துணைநிற்பது நம் கடன்.