கடுகதிப் புகையிரதமும் கலியாணத் திகதியும்

சிறுவயதில் யாழ்தேவியில் கொழும்புக்குப் பயணம் செய்தவர்களுக்கு ஒரு விடயம் நினைவிருக்கும். நிலையத்தின் சிறிய சாளரத்தினூடாகக் காசை நீட்டினால் தடித்த மட்டைத் துண்டு ஒன்று கைக்கு வரும். இரண்டாம் வகுப்புக்கு ஒரு விலை, மூன்றாம் வகுப்புக்கு ஒரு விலை. அதை நாலு நாட்கள் முன்னர் வாங்கினாலும், வண்டி புறப்படுவதற்கு ஐந்து நிமிடம் இருக்கையில் ஓடிவந்து வாங்கினாலும் விலை மாறாது. தூரமும் வகுப்புமே விலையைத் தீர்மானித்தன.

1990 இல் அந்த வண்டி யாழ்ப்பாணத்துக்கு வருவது நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. பின்னர் நாம் வகுப்பறையில் கற்பித்த பிள்ளைகளில் பலர் புகையிரதத்தைப் படத்தில் மட்டுமே கண்டவர்கள். 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது, அப்பிள்ளைகளில் எத்தனையோ பேர் இலண்டனிலும் சூரிச்சிலும் பாரிஸிலும் பெற்றோராகியிருந்தனர்.

இன்று எம்மவரின் குடும்பம் என்பது ஒரு தேசப்படம். அண்ணன் பாரிஸில், தங்கை இலண்டனில், தம்பி ஸ்ருட்கார்ட்டில், பெரியம்மாவின் பிள்ளைகள் பேர்ணில். இவ்வூர்களை மணிக்கு 300 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் புகையிரதங்கள் இணைக்கின்றன. பாரிஸிலிருந்து இலண்டனுக்கு இரண்டே கால் மணி நேரம். ஸ்ருட்கார்ட்டுக்குச் சுமார் மூன்றேகால் மணி. சூரிச்சுக்கு நான்கு மணி. வண்டி மாறிவிட்டது. ஆனால் சீட்டு வாங்கும் எமது பழக்கமோ இன்னும் யாழ்தேவிக் காலத்திலேயே நிற்கிறது. "இப்ப என்ன அவசரம், கிட்டடியில எடுப்பம்" என்ற ஒரு வசனத்துக்காக நாம் ஆண்டுதோறும் செலுத்தும் பணம் கொஞ்சமல்ல.

ஒரே இருக்கை, பல விலை

இந்த விலைமுறையின் வேர் அமெரிக்காவில் இருக்கிறது. 1978 இல் அங்கு விமானக் கட்டணங்கள் மீதான அரசின் கட்டுப்பாடு நீங்கியது. ஒரே விமானத்தின் இருக்கைகளை வெவ்வேறு விலைக்கு விற்கும் வித்தையை விமான நிறுவனங்கள் அதன் பின்னர் கணினியின் துணையோடு வளர்த்தெடுத்தன. பிரெஞ்சுப் புகையிரத நிறுவனம் 1993 இல் அத்தகைய அமெரிக்கக் கணினி முறையொன்றை வாங்கி, அதற்குச் 'சொக்ரத்' என்று பெயரிட்டது. கிரேக்க ஞானி சோக்கிரதீஸின் பெயரைப் பிரெஞ்சுக்காரர் இவ்வாறே உச்சரிப்பர். ஞானியின் பெயரைத் தாங்கிய கணினி தொடக்கத்தில் சீட்டு விற்பனைச் சாளரங்களில் பெருங்குழப்பத்தை விளைவித்தது வேறு கதை. அன்று முதல் அதிவேகப் புகையிரதத்தின் கட்டணம் தூரக் கணக்கிலிருந்து விலகத் தொடங்கியது. 1994 நவம்பர் 14 ஆம் திகதி கால்வாய்ச் சுரங்கத்தினூடாக ஓடத் தொடங்கிய யூரோஸ்ராரும் இக்காலத்தில் பிறந்ததே.

முறை இதுதான். யூரோஸ்ராரின் புதிய வண்டி ஒன்றில் சுமார் 900 இருக்கைகள் உண்டு. கணினி அவற்றைப் பல கூடைகளாகப் பிரித்து வைக்கிறது. முதற்கூடையில் மிக மலிந்த இருக்கைகள் சில. அவை தீர்ந்ததும் அடுத்த கூடை சற்று அதிக விலையில் திறக்கும். இவ்வாறே கூடைக்குக் கூடை விலை ஏறும். புறப்படும் நாளில் எஞ்சியிருக்கும் கூடை, விலையைப் பாராது போயே ஆகவேண்டியவனுக்கு உரியது. வியாபார அலுவலாகச் செல்பவரின் கட்டணத்தை அவரது நிறுவனம் கொடுக்கும். எமது மரண வீட்டுப் பயணத்துக்கு யார் கொடுப்பார்? எனினும் கணினிக்கு இருவரும் ஒன்றே.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ஐவருக்கு ஒன்றாகச் சீட்டுக் கேட்கிறோம். மலிவுக் கூடையில் மூன்று இருக்கைகளே மீந்திருக்கின்றன எனில், பல விற்பனை முறைகள் ஐவருக்கும் அடுத்த கூடையின் விலையையே காட்டும். ஆகவே முதலில் ஒருவருக்கு, பின்னர் இருவருக்கு, மூவருக்கு என விலையைப் பார்த்துவிட்டு, இலாபம் தெரிந்தால் பிரித்து வாங்கலாம். இருக்கைகள் அருகருகே அமையாமற் போகலாம் என்பதே இதிலுள்ள குறை.

அழைப்பிதழுக்குக் காத்திராதீர்கள்

எம்மவரின் பயணங்களில் பெரும்பங்கு கலியாணம், பூப்புனித நீராட்டு, அரங்கேற்றம் ஆகியவற்றுக்கே. இவற்றின் திகதி எப்போது நிச்சயமாகிறது? மண்டபத்துக்கு முற்பணம் கட்டிய அன்றே. அது பெரும்பாலும் விழாவுக்கு ஆறு மாதம், ஓராண்டு முன்னர். ஆனால் உறவினர்களுக்குச் செய்தி எப்போது போகிறது? அழைப்பிதழ் அச்சாகி, வீடு வீடாகச் சென்று கொடுக்கத் தொடங்கும்போது. அதாவது ஒரு மாதம் இருக்கையில். அதற்குள் மலிவுக் கூடைகள் யாவும் வெறுமையாகிவிடும்.

அழைப்பிதழ் கையில் வராமல் சீட்டு வாங்குவது கௌரவக் குறைவு என எண்ணுவோர் உண்டு. இதற்கு மருந்து அழைப்பவர் கையிலேயே இருக்கிறது. மண்டபம் உறுதியான அன்றே தொலைபேசியில் நாளைச் சொல்லிவிடுங்கள். முறைப்படியான அழைப்புப் பின்னர் வரட்டும். பிறநாட்டிலிருந்து வரும் இருபது குடும்பங்களுக்கு அது நீங்கள் செய்யும் பெரும் உபகாரம்.

கிழமையும் முக்கியம். எமது விழாக்கள் சனி, ஞாயிறில் நிகழ்கின்றன. வெள்ளி மாலை போவோரும் ஞாயிறு மாலை திரும்புவோரும் மிகுந்திருப்பதால் அவ்வேளைகளிலேயே விலை உச்சத்தில் நிற்கும். வியாழன் இரவோ சனி அதிகாலையோ போய், திங்கள் நண்பகலிலோ செவ்வாயிலோ திரும்ப இயன்றவர்கள் அவ்வாறே செய்க.

பாரிஸிலிருந்து ஸ்ருட்கார்ட்டுக்கும் பிராங்போர்ட்டுக்கும் செல்லும் வண்டிகளைப் பிரெஞ்சு, ஜேர்மன் நிறுவனங்கள் இரண்டும் விற்கின்றன. ஒரே வண்டிக்கு இரு இடத்திலும் இரு விலை காணப்படுவது உண்டு. இரண்டையும் பார்த்த பின்னரே வாங்குக.

முதலில் ஆவணம், பின்னர் சீட்டு

மலிந்த சீட்டு பெரும்பாலும் மீளப் பணம் தராத சீட்டு. இதன் பொருளை எமது வீட்டிலேயே கற்றோம்.

இலண்டனில் மைத்துனரின் மகளுக்குத் திருமணம். நான்கு மாதங்களுக்கு முன்னரே ஐவருக்குச் சீட்டு வாங்கிவிட்டோம் என்ற பெருமிதம் எமக்கு. மாமியாரிடம் இருப்பது பிரெஞ்சுக் கடவுச்சீட்டு அன்று. அகதிகளுக்கான பயண ஆவணம். அதற்கு விசா வேண்டும் என்பதை நாம் பிந்தியே உணர்ந்து, பிந்தியே விண்ணப்பித்தோம். திருமணம் முடிந்து இரண்டாம் நாள் விசா வந்தது. பேத்திக்குத் தாலி ஏறிய நேரத்தில் அவர் பாரிஸில், உடுப்பதற்கென எடுத்து வைத்த கூறைப்பட்டு மடியில் இருக்க, கைத்தொலைபேசித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். சீட்டுக்காசு போனதைப் பற்றி அவர் இன்றுவரை ஒரு சொல் சொல்லவில்லை. அதுவே எமக்கு அதிக வருத்தம்.

ஆகவே அறிக. அகதிப் பயண ஆவணம் வைத்திருப்போர் விசா இன்றிப் பிரித்தானியா செல்லும் ஏற்பாட்டை அந்நாடு 2003 இல் நிறுத்தியது. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றோரும் 2021 ஒக்டோபர் முதல் அடையாள அட்டையோடு செல்ல முடியாது, கடவுச்சீட்டு வேண்டும். 2025 ஏப்ரல் 2 முதல் அவர்கள் மின்னணுப் பயண அனுமதியும் கட்டணம் செலுத்திப் பெறவேண்டும். ஜேர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து ஆகியவற்றுக்கும், 2008 இல் செங்கன் வலயத்தில் இணைந்த சுவிற்சர்லாந்துக்கும் இச்சிக்கல் இல்லை. அங்கு பயண ஆவணமும் செல்லுபடியான வதிவிட அனுமதியும் கையில் இருந்தாற் போதும். அகதி விண்ணப்பம் முடிவாகாதோர் எல்லை கடக்க இயலாது.

பெயரையும் பாருங்கள். தந்தை பெயர் முன்னும் சொந்தப் பெயர் பின்னுமாக எழுதும் எமது வழக்கத்தால் சீட்டில் ஒரு பெயரும் கடவுச்சீட்டில் வேறொரு பெயரும் வருவது உண்டு. கடவுச்சீட்டில் உள்ள எழுத்து எதுவோ அதையே எழுதுக. முகவரிடம் வாங்கினால் அவர் எழுதிய பெயரை அவ்விடத்திலேயே சரிபார்க்க. அறிமுகமான ஒருவர் முகவர் ஒருவரிடம் சாதாரண விலைக்கு மேலாக ஆளுக்கு 40 யூரோ கொடுத்தும், பெயர்ப் பிழையை நிலையத்தில்தான் கண்டுபிடித்தார்.

வழியைப் பிரித்தல்

நேரம் இருப்போருக்கு இன்னொரு வழி உண்டு. முழுத் தூரத்தையும் அதிவேக வண்டியில் செல்லாமல் பாதையைப் பிரிப்பதே அது. ஸ்ராஸ்பூர்க் வரை அதிவேக வண்டியில் செல்லலாம். அங்கிருந்து எல்லைக்கு அப்பாலுள்ள கேல் நகருக்கு 2017 முதல் நகரத் திராம் ஓடுகிறது. கேலிலிருந்து ஜேர்மன் பிராந்திய வண்டிகள் உண்டு. ஜேர்மனியில் 2023 மே மாதம் அறிமுகமான மாதாந்தச் சீட்டை வைத்திருக்கும் உறவினர் பாரிஸ் வரும்போது, கேல் வரை அச்சீட்டே போதும். சுவிஸ் உறவினரிடம் அரைக்கட்டண அட்டை இருக்கும். அவர்கள் பாசல் வரை தமது நாட்டுச் சீட்டிலும், அதற்கு அப்பால் தனிச்சீட்டிலும் வந்தால் என்ன விலை என்று கணக்குப் பார்க்கலாம்.

பிரசல்ஸ் செல்வோருக்கு 2024 டிசம்பரில் சாதாரண வேக விகோ வண்டி ஒன்று தொடங்கப்பட்டது. கட்டணம் 10 யூரோ முதல் 59 யூரோ வரை என்று அறிவித்தார்கள். அதிவேக வண்டி ஒன்றரை மணிக்குள் செல்லும் வழியை இது மூன்று மணியில் கடக்கிறது.

பிரித்த பயணத்தில் ஓர் ஆபத்து உண்டு. முதல் வண்டி தாமதித்து இரண்டாவது தவறினால், தனித்தனிச் சீட்டுக்கு உரிமை குறைவு. இடையில் ஒரு மணி நேரமாவது விடுக. தாமதமானால் வண்டி அலுவலரிடமோ நிலையத்திலோ எழுத்தில் உறுதி பெறுக. ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி, விதிவிலக்கான காரணங்கள் இல்லாவிடில், ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட தாமதத்துக்குச் சீட்டு விலையில் 25 வீதமும், இரண்டு மணிக்கு மேற்பட்டால் 50 வீதமும் இழப்பீடாகக் கேட்கலாம். எம்மவர் கேட்பதில்லை.

நாள் குறிக்க இயலாத பயணம்

இவ்வளவும் நாள் தெரிந்த பயணத்துக்கு. சாவு நாள் குறித்து வருவதில்லை.

நள்ளிரவில் தொலைபேசி அழைக்கிறது. அழுகையோடு அழுகையாக, அடுத்த நாட் காலை வண்டிக்கு என்ன விலையானாலும் சீட்டு வாங்குகிறோம். ஊரில் இது சரியே. அங்கு மறுநாளே காரியம் முடிந்துவிடும். இங்கு அப்படியன்று. இலண்டனில் பத்திரங்கள் முடிந்து தகனசாலையில் நாள் கிடைக்க ஒரு வாரம், சிலவேளை இரண்டு வாரமும் ஆகிறது. பிரான்சில் ஆறு வேலைநாட்களாக இருந்த சட்டக்காலம் 2024 ஜூலையில் பதினான்கு நாட்களாக நீட்டப்பட்டது. ஆகவே ஆறுதல் சொல்ல உடனே ஓடவேண்டிய நெருங்கிய ஒருவர் போகட்டும். ஏனையோர் தகன நாளை விசாரித்து அறிந்தபின் வாங்கலாம். அந்த ஏழெட்டு நாள் இடைவெளியே ஒரு கூடை, இரண்டு கூடை விலையைக் குறைக்கக் கூடும். நேரத்தைத் தாமே தெரிவு செய்யாதோருக்கு யூரோஸ்ரார் 2025 இல் மீண்டும் தொடங்கிய 'ஸ்னாப்' என்ற கடைசிநேரச் சலுகையும் உண்டு. காலையா, மாலையா என்பதை மட்டும் நாம் சொல்லலாம். வண்டி எது என்பதை 48 மணி நேரத்துக்கு முன்னர் அவர்கள் சொல்வார்கள். சடங்குக்கு முதல்நாளே போய்ச் சேர்வோருக்கு அது பொருந்தும்.

சடங்குக்குப் போக முடியாதோர் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் போகலாம். அத்திகதி இறந்த அன்றே தெரிந்துவிடுகிறது. ஒரு மாத அவகாசம் எமது கணினி ஞானிக்குப் பிடித்தமானது. பேருந்தும் உண்டு, இலண்டனுக்கு எட்டு ஒன்பது மணி நேரம், முதுகு நோகும், ஆனால் போய்ச் சேரலாம்.

எமது மாமியாரிடம் இப்போது விசா இருக்கிறது. அதன் காலம் முடிய இன்னும் இரண்டு மாதங்கள். பேத்திக்குப் பிள்ளை பிறக்கவிருப்பதாகச் செய்தி வந்த மாலையே, செவ்வாய்க்கிழமை நண்பகல் வண்டியில் அவருக்கும் துணைக்கு ஒருவருக்குமாக இரண்டு இருக்கைகள் வாங்கினோம். விசாவில் உள்ள பெயரை எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதினோம். சீட்டைக் கைத்தொலைபேசியில் வைத்திருக்க அவர் சம்மதிக்கவில்லை. தாளில் அச்சடித்துத் தரச்சொல்லி, பயண ஆவணத்துக்குள் மடித்து வைத்திருக்கிறார்.