நான்கு இறக்கை ட்ரோனும் அதன் பேட்டரியும்

கல்யாண வீட்டில் பார்த்திருப்பீர்கள். பந்தலுக்கு மேலே வண்டு போல இரைந்துகொண்டு ஒன்று பறக்கும். கீழே ஒரு பையன் கையில் சிறு பெட்டியை வைத்துக்கொண்டு அதை ஓட்டுவான். பந்தியில் உட்கார்ந்தவர்கள்கூட இலையை விட்டுவிட்டு அண்ணாந்து பார்ப்பார்கள்.

அதுதான் ட்ரோன். நான்கு இறக்கை உள்ள ட்ரோனைக் குவாட்காப்டர் என்று சொல்வார்கள். பெயர்தான் பெரிது. பொருள் சிறிதுதான்.

இப்போது நம் நாட்டில் ட்ரோன் பல வேலைகளைச் செய்கிறது. 2022 ஜனவரி 29 அன்று டெல்லி விஜய் சவுக்கில் 1,000 ட்ரோன்கள் ஒன்றாகப் பறந்தன. விளக்குகளை எரித்து இருட்டு வானத்தில் படம் காட்டின. வயலில் மருந்து தெளிக்கவும் ட்ரோன் வந்துவிட்டது. 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு ட்ரோன் கொடுக்கும் திட்டத்துக்கு 2023 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது.

நாம் இங்கே பேசப் போவது அந்தப் பெரிய ட்ரோன்களைப் பற்றி அல்ல. வீட்டுப் பிள்ளைகள் தாங்களே செய்து பறக்கவிடும் சிறிய ட்ரோனைப் பற்றித்தான். ஐ.டி.ஐ.யிலும் கல்லூரியிலும் படிக்கும் பிள்ளைகளுக்கு இதில் ஆசை அதிகம். நல்ல ஆசைதான். கைவேலையும் வரும், கணக்கும் வரும்.

ஆனால் ஒன்று. மகன் இரவில் கட்டிலுக்கு அடியில் அந்த பேட்டரியைச் சார்ஜ் போடுவான். போட்டுவிட்டுத் தூங்கிவிடுவான். சார்ஜரில் தவறான எண்ணை வைத்திருந்தால் பேட்டரி தீப்பிடிக்கும். பாயும் போர்வையும் பக்கத்திலேயே இருக்கும். ஆகவே ட்ரோன் செய்வது பிள்ளையாக இருந்தாலும், பேட்டரியைப் பற்றி வீட்டில் பெரியவர்களுக்கும் தெரிய வேண்டும். பேட்டரியின் மேல் நான்கு எண்கள் அச்சிட்டிருக்கும். அவற்றை உங்களால் படிக்க முடியும். எப்படி என்று பிறகு பார்ப்போம்.

எப்படிப் பறக்கிறது?

படகுக்காரர் கழியால் தரையைப் பின்னே தள்ளுகிறார். படகு முன்னே போகிறது. ட்ரோனின் இறக்கைகள் காற்றைக் கீழே தள்ளுகின்றன. ட்ரோன் மேலே போகிறது. இரண்டும் ஒரே விதிதான்.

நான்கு மூலையில் நான்கு மோட்டார். ஒவ்வொன்றிலும் ஓர் இறக்கை. நான்கும் ஒரே பக்கமாகச் சுற்றுவதில்லை. இரண்டு வலமாகச் சுற்றும். இரண்டு இடமாகச் சுற்றும். ஏன்?

சுவரில் துளை போடும் மெஷினைப் பிடித்தவர்களுக்கு இது தெரியும். கம்பி சுவரில் சிக்கிக்கொண்டால் மெஷின் நம் கையை எதிர்ப்பக்கமாகத் திருக்கும். அதுபோல, நான்கு இறக்கையும் வலமாகச் சுற்றினால் ட்ரோனின் உடம்பு இடமாகப் பம்பரம் போலச் சுற்றத் தொடங்கிவிடும். இரண்டு இப்படியும் இரண்டு அப்படியும் சுற்றினால் திருகல் சரிக்குச் சரியாகிவிடும். எதிர் எதிர் மூலையில் உள்ளவை ஒரே பக்கமாகச் சுற்றும். இறக்கையிலும் இரண்டு வகை உண்டு. வகை மாற்றிப் போட்டால் ட்ரோன் எழும்பாது. தரையிலேயே கவிழ்ந்துவிடும். புதிதாகச் செய்பவர்களில் பாதிப் பேர் முதல் நாள் இந்தத் தவறைச் செய்கிறார்கள் என்று தோன்றுகிறது.

முன்னே போக வேண்டுமா? பின்னால் உள்ள இரண்டு மோட்டாரும் வேகமாகச் சுற்றும். வால் பக்கம் உயரும். ட்ரோன் முன்னே சாய்ந்து ஓடும். வலப்பக்கம் போக வேண்டுமா? இடப்பக்க மோட்டார்கள் வேகமாகச் சுற்றும்.

நான்கு இறக்கை யோசனை புதியது அல்ல. முன்பே பிரான்ஸ் நாட்டில் எத்தியென் எமிஷன் என்பவர் இப்படி ஒரு பெரிய யந்திரத்தைச் செய்தார். 1924-இல் தானே அதில் உட்கார்ந்து ஒரு கிலோமீட்டர் சுற்றி வந்து இறங்கினார். ஆனால் நான்கையும் சமமாக வைத்திருக்க ஓட்டுபவர் படாத பாடு படவேண்டும். இப்போது அந்த வேலையை நகத்தளவு சில்லு ஒன்று செய்கிறது. தலையில் தண்ணீர்க் குடம் வைத்து நடக்கும்போது கழுத்து தானாகவே சமன் செய்துகொள்ளும் அல்லவா? அதுபோல அந்தச் சில்லு சாய்வை அறிந்து மோட்டார்களைத் திருத்துகிறது. ஒரு நொடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் திருத்துகிறது.

செய்வது எப்படி?

பொருள்கள் கடையில் தனித்தனியாகக் கிடைக்கும். பெங்களூரில் எஸ்.பி. ரோடு, மும்பையில் லாமிங்டன் ரோடு, டெல்லியில் லஜ்பத் ராய் மார்க்கெட் போன்ற இடங்களில் வாங்கலாம். ஒரு சட்டம், நான்கு மோட்டார், மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பலகை, மூளை போன்ற கட்டுப்பாட்டுப் பலகை, ரிமோட்டின் சொல்லைக் கேட்கும் ரிசீவர், இறக்கைகள், பேட்டரி. இவ்வளவுதான். ரேடியோ ரிப்பேர் செய்பவர் போல ஈயம் வைத்துக் கம்பிகளை ஒட்ட வேண்டும். சிவப்புக் கம்பி கூட்டல் குறிக்கு. கறுப்புக் கம்பி கழித்தல் குறிக்கு. மாற்றி ஒட்டினால் பலகை ஒரு நொடியில் புகைந்துவிடும். போட்ட பணம் போனதுதான்.

இறக்கையைக் கடைசியில்தான் மாட்ட வேண்டும். மேசையில் மோட்டாரைச் சோதிக்கும்போது இறக்கை இருக்கவே கூடாது. சிறிய இறக்கைதானே என்று நினைக்காதீர்கள். விரலை எலும்பு வரை வெட்டும்.

பறக்கவிடவும் விதி உண்டு. ட்ரோன் விதிகள் 2021 ஆகஸ்டில் வந்தன. 250 கிராம் வரை எடையுள்ளதை 'நானோ' என்று அவை சொல்கின்றன. நாடு முழுவதையும் வரைபடத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று நிறமாகப் பிரித்திருக்கிறார்கள். சிவப்பிலும் மஞ்சளிலும் அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது. விமான நிலையத்தைச் சுற்றியுள்ள இடம் மஞ்சள். பச்சையில் 120 மீட்டர் உயரம் வரை போகலாம். வரைபடம் இணையத்தில் இருக்கிறது. பதிவு எண் வேண்டுமா என்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்ளும்படி பிள்ளையிடம் சொல்லுங்கள்.

பேட்டரியைப் படிப்போம்

இனி முக்கியமான விஷயம். உங்கள் செல்போனிலும் லித்தியம் பேட்டரிதான் இருக்கிறது. அதில் காவல்காரர் போல ஒரு சிறு பாதுகாப்புப் பலகை உண்டு. அளவுக்கு மேல் மின்சாரம் ஏறினால் அது நிறுத்திவிடும். ட்ரோன் பேட்டரியில் அந்தக் காவல்காரர் இல்லை. எடை குறைய வேண்டும், மின்சாரம் வேகமாகப் பாய வேண்டும் என்பதற்காக விட்டுவிட்டார்கள். கெட்டியான உறைகூட இல்லை. மெல்லிய தகடு சுற்றிய பொட்டலம்தான். இதை 'லிப்போ' பேட்டரி என்பார்கள். காவல் வேலையை நாம்தான் செய்ய வேண்டும்.

பேட்டரியைக் கையில் எடுங்கள். அதன் மேல் 4எஸ், 14.8 வோல்ட், 1500 எம்.ஏ.எச்., 100சி என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம்.

எஸ் என்ற ஆங்கில எழுத்து பாம்பு வளைந்தது போல இருக்கும். அதற்கு முன் உள்ள எண், உள்ளே எத்தனை அறை என்று சொல்லும். 4எஸ் என்றால் நான்கு அறை. நம்பிக்கை இல்லையா? பேட்டரியிலிருந்து வெள்ளைத் தலையுடன் மெல்லிய கம்பிகள் வரும். அவற்றை எண்ணுங்கள். அறையைவிட ஒன்று அதிகமாக இருக்கும். நான்கு அறைக்கு ஐந்து கம்பி.

அடுத்தது வோல்ட். ஒரு அறைக்கு 3.7 வோல்ட். நான்கு அறைக்கு 14.8. இது நடுத்தர அளவு. முழுதாக ஏறியதும் ஒரு அறைக்கு 4.2 இருக்கும். நான்குக்கு 16.8. அதற்கு மேல் ஏறவே கூடாது. பறக்கும்போது ஒரு அறைக்கு 3.5-க்கு வந்தால், அதாவது மொத்தம் 14 ஆனால், இறக்கிவிட வேண்டும். 3-க்குக் கீழே போனால் பேட்டரி கெட்டுவிடும். அதை மறுபடி சார்ஜ் போடுவதும் ஆபத்து.

1500 எம்.ஏ.எச். என்பது எவ்வளவு கொள்ளும் என்று சொல்கிறது. குடம் எத்தனை படி கொள்ளும் என்பது போல. இதை 1000-ஆல் வகுத்தால் 1.5 வரும். சார்ஜரில் வைக்க வேண்டிய ஆம்பியர் அதுதான். 1.5 ஆம்பியர். இந்தக் கணக்கில் புள்ளி எங்கே வருகிறது என்று கவனியுங்கள். 850 என்று எழுதியிருந்தால் 0.85. 2200 என்றால் 2.2. போன வாரம் பெரிய பேட்டரிக்கு 5 ஆம்பியர் வைத்திருந்தான். அதை மாற்றாமல் இன்று சிறிய பேட்டரியை மாட்டிவிட்டான். விபத்து இப்படித்தான் தொடங்குகிறது.

கடைசியில் 100சி. சி என்ற எழுத்து பிறை நிலா போல இருக்கும். பேட்டரி எவ்வளவு வேகமாக மின்சாரத்தைக் கொடுக்கும் என்று இது சொல்கிறது. வாங்கும் வேகம் அல்ல. கொடுப்பது வேகம், வாங்குவது நிதானம். ஒரு மணி நேரம் ஏற்றிய மின்சாரத்தை ட்ரோன் ஐந்து நிமிடத்தில் தீர்த்துவிடும். இதைக் கடைக்காரர்கள் பலர் விளக்கிச் சொல்வதில்லை. பெரிய எண்ணைக் காட்டி விற்கத்தான் பார்க்கிறார்கள்.

சார்ஜ் போடும்போது

ட்ரோன் பேட்டரிக்கென்று உள்ள சார்ஜரில்தான் போட வேண்டும். அதில் பேட்டரி வகையைக் கேட்கும். லிப்போ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வேறு வகையைத் தேர்ந்தெடுத்தால் எங்கே நிறுத்துவது என்று சார்ஜருக்குத் தெரியாது. ஏற்றிக்கொண்டே போகும். தடித்த கம்பியோடு வெள்ளைத் தலையையும் மாட்ட வேண்டும். அப்போதுதான் சார்ஜர் நான்கு அறையையும் தனித்தனியே அளந்து சமமாக ஏற்றும். வெள்ளைத் தலையை மாட்டாவிட்டால் மொத்தம் 16.8 என்று காட்டும். ஆனால் ஒரு அறை 4.0-இல் இருக்கும், இன்னொன்று 4.4-க்குப் போயிருக்கும்.

அளவு மீறினால் உள்ளே என்ன நடக்கிறது? அடுக்கடுக்கான மெல்லிய தகடுகளுக்கு நடுவே அதைவிட மெல்லிய பிளாஸ்டிக் தாள் இருக்கிறது. தகடுகள் எரியக்கூடிய ஒரு திரவத்தில் ஊறியிருக்கின்றன. அதிகமாக ஏற்றினால் லித்தியம் தகட்டின் மேல் ஊசி போல முளைக்கும். உள்ளே சூடு ஏறும், வாயு உண்டாகும், பொட்டலம் அப்பளம் போல உப்பும். ஊசி தாளைக் குத்திவிட்டால் தகடும் தகடும் தொட்டுக்கொள்ளும். பிறகு சில நொடிதான். புகை பீறிடும், தீ சீறும்.

அதனால் படுக்கையிலோ மரப் பெட்டியின் மேலோ சார்ஜ் போடக் கூடாது. சமையலறையில் கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்திலும் கூடாது. சிமெண்டுத் தரையில் ஒரு மண்சட்டியை வையுங்கள். அதில் காய்ந்த மணலைப் பரப்பி அதன் மேல் பேட்டரியை வையுங்கள். சட்டியை இறுக்கி மூட வேண்டாம். புகை வெளியேற வழி வேண்டும். சார்ஜர் சட்டிக்கு வெளியே இருக்கட்டும். சார்ஜ் முடியும் வரை ஒருவர் விழித்திருந்து பார்க்க வேண்டும். சுமார் ஒரு மணி நேரம்தானே. பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளை பாடம் படிக்கட்டும்.

பறந்து வந்த பேட்டரி சுடும். ஆறிய பிறகே சார்ஜ் போட வேண்டும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் பேட்டரியை விடக் கூடாது. ட்ரோன் எங்காவது மோதி விழுந்தால் பேட்டரியைக் கழற்றி வெளியில், கல்தரையில் வைத்து அரைமணி நேரம் பாருங்கள். அடிபட்டது உடனே காட்டாது. உப்பியிருந்தால் அது செத்த பேட்டரி. அதைக் குத்தி வாயுவை இறக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள்.

ஒரு வாரம் பறக்கவிடப் போவதில்லை என்றால் முழுதாக ஏற்றி வைக்கக் கூடாது. ஒரு அறைக்கு 3.8 வோல்ட், நான்குக்கு 15.2 இருக்கும்படி வைக்க வேண்டும். நல்ல சார்ஜர்களில் இதற்கென்றே ஒரு ஏற்பாடு இருக்கிறது.

தீப்பிடித்துவிட்டால்? பேட்டரியைக் கையில் தூக்காதீர்கள். அந்தப் புகை நஞ்சு. குழந்தைகளை முதலில் வெளியே அனுப்புங்கள். மெயின் சுவிட்சை அணைக்க முடிந்தால் அணையுங்கள். தீ சட்டிக்குள்ளேயே இருந்தால் எட்ட நின்று காய்ந்த மணலைக் கொட்டலாம். பரவிவிட்டால் நிற்க வேண்டாம். வெளியே வந்து 101 அல்லது 112-க்குப் போன் செய்யுங்கள்.

பழைய பேட்டரியைக் குப்பையில் போடக் கூடாது. குப்பை வண்டியில் நசுங்கினால் அங்கே தீப்பிடிக்கும். பாவம், துப்புரவுப் பணியாளர் என்ன செய்வார்? தேய்ந்த பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பவருக்கும் இறக்குமதி செய்பவருக்கும் உண்டு என்று 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள் சொல்கின்றன. வாங்கிய கடையில் கேளுங்கள். அல்லது மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். கொடுக்கும்வரை கம்பி முனைகளில் டேப் சுற்றி, அதே மணல் சட்டியில் வீட்டுக்கு வெளியே வைத்திருக்கலாம்.