துணி அலமாரியின் மணமும் பச்சிளங்குழந்தையின் நலமும்

மூத்த குழந்தைகள் அணிந்த பழைய சட்டைகளையும் பாட்டியின் நூல் சேலையையும் எடுத்து வைத்திருந்து, புதிதாகப் பிறந்த குழந்தைக்குப் பயன்படுத்துவது நம் வீடுகளில் வழக்கம். மென்மையான பருத்தித் துணி குழந்தையின் தோலுக்கு ஏற்றதே. ஆயினும் அத்துணிகள் இத்தனை மாதங்களாகப் பெட்டியில் எதனுடன் இருந்தன என்பதைக் கவனித்தல் வேண்டும்.

பூச்சி அரிக்காதிருக்கத் துணிகளுக்கிடையே இடப்படும் வெண்ணிற அந்துருண்டை பெரும்பாலும் நாப்தலின் என்னும் வேதிப்பொருளால் ஆனது. இது உருகாமலே ஆவியாகித் துணியில் படிகிறது. அத்துணியை அணியும் குழந்தையின் உடலுக்குள் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் செல்கிறது.

இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஜி-6-பி-டி என்னும் நொதி சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே குறைவாக இருக்கும். ஆண் குழந்தைகளிடம் இக்குறைபாடு மிகுதி. வெளித்தோற்றத்தில் எதுவும் தெரியாது. இக்குழந்தைகளின் உடலில் நாப்தலின் சேர்ந்தால் சிவப்பணுக்கள் சிதைந்து, இரத்தசோகையும் மஞ்சள் காமாலையும் உண்டாகும். பச்சிளங்குழந்தையின் கல்லீரல் இன்னும் முதிராதது. ஆகவே காமாலை விரைவில் கடுமையாகலாம். சிகிச்சை தாமதித்தால் மூளையும் செவித்திறனும் நிலையாகப் பாதிக்கப்படக்கூடும்.

அலமாரிக்கு மணம் வேண்டுமெனில் வேறு வழிகள் உள்ளன. நமக்குப் பழக்கமான வெட்டிவேர் ஒன்று. உலர்ந்த லாவெண்டர் பூ மற்றொன்று. மத்தியதரைக் கடற்பகுதிக்கு உரிய இப்பூவைச் சிறு துணிப்பைகளில் கட்டித் துணிகளுக்கிடையே வைப்பது ஐரோப்பியரின் நெடுநாள் வழக்கம். பூவின் நுண்ணிய சுரப்பிகளில் நறுமண எண்ணெய் தங்கியிருப்பதால், உலர்ந்த பின்னும் மணம் நீடிக்கிறது. மணம் குறையும்போது பையை விரல்களால் இலேசாகக் கசக்கினால் போதும்.

இவற்றுக்கும் எல்லை உண்டு. மணம் பூச்சிகளைக் கொல்வதில்லை; துணியைத் துவைத்து, ஈரமின்றி உலர்த்தி மடித்து வைப்பதே முதற்பாதுகாப்பு. மணப்பையைத் தொட்டிலில் வைக்க வேண்டாம். லாவெண்டர் எண்ணெயைக் குழந்தையின் தோலில் தடவ வேண்டாம். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்க்கு எந்த மணத்தால் இருமலோ இளைப்போ வந்தாலும் அதை அகற்றிவிடுங்கள். அந்துருண்டைக்கு மாற்றாகக் கற்பூரத்தையும் வைக்காதீர்கள். சிறு குழந்தை அதில் சிறிதளவு விழுங்கினாலும் வலிப்பு வரக்கூடும்.

அந்துருண்டையுடன் இருந்த துணிகளையும் போர்வைகளையும் சோப்பிட்டு நன்கு அலசி, அதன் வாடை முற்றிலும் நீங்கும்வரை வெயிலில் உலர்த்துங்கள். அதுவரை குழந்தைக்கு அணிவிக்காதீர்கள்.

குழந்தையின் தோலோ கண்ணோ மஞ்சளாதல், சிறுநீர் அடர்நிறமாதல், பால் குடிக்க மறுத்தல், வழக்கத்திற்கு மாறாகச் சோர்ந்து உறங்குதல் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும், இளவெயிலில் காட்டிக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். வீட்டில் அந்துருண்டை பயன்படுத்தியிருந்தால் அதை மருத்துவரிடம் மறவாமல் கூறுங்கள். காரணத்தை விரைவில் கண்டறிய அத்தகவல் பெரிதும் உதவும்.